நாடாவின் மறுமுனையில் மரகதம்

மரகதம் இறந்துபோன செய்தியை எனக்குப் படித்துச் சொன்னது என் கைப்பேசி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ஸாப் குழுவில் வருவதையெல்லாம் அது ஒரே குரலில் படிக்கும். நாளை காலை தண்ணீர் வராது, ஏ விங் லிஃப்ட் பழுது, பி விங் மரகதம் அம்மாள் இன்று காலை மாரடைப்பால் காலமானார். மூன்றையும் ஒரே மூச்சில் படித்து நிறுத்தியது. மறுபடி படிக்கச் சொன்னேன். அப்போதும் குரல் மாறவில்லை. அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

மராட்டிய மண்ணில், இந்தச் சிஞ்ச்வட்டில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மரகதத்தைத் தெரியாமல் இருக்காது. பொள்ளாச்சிக்காரர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரிக்க உட்காருவார். எனக்குத் தெரிந்த மரகதம் கொஞ்சம் வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்ல அதே கைப்பேசி எழுதிக்கொள்கிறது.

இருவரும் ஒரே வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தோம். அவர் கொள்முதல் பிரிவு, நான் தரப் பரிசோதனை. மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டாள் இந்தக் கோமதி என்று எனக்குப் பெயர். அந்தக் கண்தான் போக ஆரம்பித்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். மருந்தில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். நான்கு மாதம் வாசல் கதவைத் தாண்டவில்லை. உடன் இருக்கும் என் தங்கை சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரகதம் வந்து, சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொல்லி ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனார். பார்வையில்லாத ஓட்டக்காரப் பெண் ஒருவரின் நிஜ வாழ்க்கையை வைத்து எடுத்த இந்திப் படம். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் முடிந்ததும் எழுந்தேன். மரகதம் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இருங்க கோமதி. கடைசில அசல் ஆளோட போட்டோ போடுவாங்க. அவங்களைப் பாக்காமப் போனா எப்படீங்க?”

கூட்டம் கலைய, திரையில் படங்கள் வந்தன. எனக்கு அப்போது நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். நடுவில் பதக்கத்தோடு அந்த ஓட்டக்காரர் தெரிந்தார். “பக்கத்துல பாருங்க, கையில கயிறு கட்டிக்கிட்டுக் கூட ஓடின அம்மா. பாதி மூஞ்சி வெட்டுப்பட்டுப் போச்சு. படத்துல இவங்களுக்கு ஒரு பேருகூட வெக்கலையே!” என்றார் மரகதம்.

வெளியே ஆட்டோவில் ஏறியதும் வெடித்தேன். “கண்ணு போனவ எல்லாரும் ஓடிப் பதக்கம் வாங்கணும்னு சட்டமா? எனக்குப் பாடம் நடத்தத்தான கூட்டிட்டு வந்தீங்க?”

அவர் சிரித்தார். “உங்களை யாருங்க ஓடச் சொன்னா? உங்களுக்கு ஆள் தேடித்தான் வந்தேன், அது நெசந்தான். ஆனா எனக்குத்தான் ஆள் கெடைச்சுட்டாங்க, அந்தக் கயிறு கட்டின அம்மா.”

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பாவாடை நாடா, இரண்டு முனையிலும் சுருக்கு. ஒன்றைத் தன் மணிக்கட்டில் மாட்டி, மற்றதை என் கையில் மாட்டினார். நான் திட்டியதெல்லாம் அச்சில் ஏறாது. ஆனாலும் போனேன். முதல் வாரம் அவர் மாட்டை இழுப்பதுபோல இழுத்தார். ‘பாத்து, பாத்து’ என்று பதறுவார், எதைப் பார்த்து என்று சொல்லமாட்டார். ஐந்தாம் நாள் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் மோதி என் முட்டி கிழிந்தது. இனி வரவே வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன்.

பிறகு நடந்ததை என் தங்கைதான் பால்கனியிலிருந்து பார்த்துச் சொன்னாள். மரகதம் தன் கண்ணைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, நாடாவைக் கணவர் கையில் கொடுத்துச் சொசைட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். “க்யா ஹுவா மேடம்?” என்று, என்ன ஆச்சோ எனப் பதறி வாட்ச்மேன் கூடவே ஓடினாராம். ஒரு நாள் அல்ல, பத்து நாள். விழுந்தும் இருக்கிறார். பதினோராம் நாள் என் வாசலில் நின்று சொன்னதை அப்படியே தருகிறேன்: “பாத்துன்னா பயந்தான் வருது கோமதி. மூணு படி எறக்கம்னு சொன்னாத்தான் கால் வருது. எனக்கு இது தெரியாமப் போச்சுங்க.”

அப்புறம் அவர் இழுக்கவே இல்லை. அரை அடி பின்னால்தான் வருவார். ஸ்பீட் பிரேக்கர், இடப்பக்கம் நாய், மூணு படி எறக்கம், அவ்வளவுதான் பேச்சு. வழியை அவர் சொன்னார், போனது நான். நடை ஓட்டமானது. பார்வை முழுதும் போன வருடத்தில் நான் பயப்படாமல் இருந்ததற்கு அவரைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே நடந்த ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டோம். எங்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான் வந்தது. ஓடி முடித்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் பதக்கத்தை என் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தார்கள். மறுநாள் படத்தைப் பார்த்த தங்கை சங்கடப்பட்டாள். “அக்கா, மரகதம் அக்கா பாதிதான் விழுந்திருக்காங்க. ஒரு காதும் தோளும்தான் தெரியுது.” எனக்கு எரிச்சலாக வந்தது. மரகதத்துக்கோ தலைகால் புரியவில்லை. “அந்தம்மா மாதிரியே வந்திருச்சு பாருங்க!” என்று பி விங் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். தான் மனதில் வைத்துக் கும்பிட்ட ஒருவரைப்போல ஆகிவிட்ட சந்தோஷத்தை அன்று அவர் குரலில் கேட்டேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு எந்தப் பதக்கத்திலும் வந்ததில்லை.

அவருடைய மகள் நிலா, ஐடி கம்பெனியில் வேலை. அம்மா போனதிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை என்று அவள் அப்பா என்னிடம் அழுதார். பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு நாடாவை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி பி விங் போனேன்.

“எங்கேயும் வரல ஆன்ட்டி. ப்ளீஸ். என்னால முடியல,” என்றாள்.

“வா, பாத்து நட” என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நாடாவின் ஒரு சுருக்கை அவள் மணிக்கட்டில் மாட்டினேன். மறுமுனை என் கையில். மரகதம் எனக்கு விட்டுப்போனது இந்த நாடாவும், அதைப் பிடிக்கும் முறையும்தான். அந்தச் சொசைட்டியில் எனக்குத் தெரியாத கல் கிடையாது. லிஃப்டில் இறங்கி வெளிவாசலுக்கு வந்தோம். அவள் நின்றுவிட்டாள். அழுகிறாள் என்று நாடா சொன்னது. நான் அரை அடி பின்னால் நின்றுகொண்டேன்.

“மூணு படி எறக்கம் நிலா,” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அவள் கால் வந்தது.