படலைத் தாண்டிய வள்ளிக்கொடி

போகிப் பண்டிகையன்று காலை மண்வெட்டியோடு பாத்தியில் இறங்கினேன். பக்கத்தில் என் மனைவி செண்பகம், கையில் காலி முறம் — கிழங்கு வாங்கிக்கொள்ள!

தோண்டினேன். வேர் வந்தது. இன்னும் தோண்டினேன்... மறுபடியும் வேர்தான்.

தோட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசலில் இரண்டே பாத்தி. செண்பகம் கனகாம்பரம் வளர்த்த இடம். அரிசித் தட்டுப்பாடு வந்தாலும் வந்தது, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று ரேடியோ சொல்லாத நாளில்லை. எனக்கு வேகம் பிறந்துவிட்டது. புரட்டாசியில் பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டு, செண்பகம் தெரிந்த அம்மாள் ஒருத்தியிடம் வாங்கிவந்த சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டேன். பொங்கல் படையலுக்கு நம் வீட்டுக் கிழங்குதான் என்று செண்பகத்துக்கு வாக்கும் கொடுத்தேன். ஒரு கிழங்காவது வராவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மழைக்குக் கொடி தளதளவென்று படர்ந்தது. மார்கழிப் பனி இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. குளிரில் வாடிவிட்டால்? யாரும் கொடியைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். செண்பகம் ஏதோ சொல்ல வந்தாள். காதில் வாங்கினால்தானே?

ஒரு பாத்தி கிணற்றோரம். இன்னொன்று தெருவோரம், மூங்கில் படலை ஒட்டி. அந்தக் கொடி படலுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கே போய்விட்டது. எங்கள் தெருவிலோ விடிந்ததும் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலை, அதாவது பாவு, நீளமாக விரித்துக் கட்டுவார்கள். யார் வீட்டுப் பாவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் எதிர்வீட்டு நெசவாளர் ஏகாம்பரம். வந்ததும் என் கொடியை வாரிச் சுருட்டி உள்ளே எறிவார்.

"இன்னா சார், இது பாவுல மாட்டிக்கினா பட்டு அறுந்துபூடும். உள்ளே இழுத்து வுடக்கூடாதா?"

"கொடி செத்துப்போனா நீங்களா கெழங்கு தருவீங்க?"

ஆமாம், அப்படித்தான் கேட்டேன். உங்களிடம் மறைப்பானேன்? அதோடு அவர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கொடியை எறிவதை மட்டும் நிறுத்தவில்லை.

போகிக்கு வருகிறேன். கிணற்றோரப் பாத்தி முழுக்க அலசியாகிவிட்டது. செண்பகம் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வராத குறை.

"தெருப்பக்கமும் பாத்துடுங்க" என்றாள்.

அங்கே கொடியே நைந்து கிடந்தது. நம்பிக்கையில்லாமல்தான் வெட்டினேன்... சிவப்பாக, கை கொள்ளாத கிழங்கு! ஒரே கொடியடியில் நாலு! முறம் நிறைந்துவிட்டது.

"கொடி கண்ட எடத்துல வேர் வுட்டா கெழங்கு வெக்காது, அடிக்கடி பொரட்டிப் போடணும்னு கொடி குடுத்த அம்மா சொன்னாங்க. அத்தச் சொல்ல வந்தா, தொடாதேன்னீங்க" என்றாள் செண்பகம்.

நான் பொத்திப் பொத்தி வளர்த்தது வெறும் இலையாகப் போயிற்று. ஏகாம்பரம் எரிச்சலோடு புரட்டியது கிழங்காகிவிட்டது. அக்கறை என்று நாம் நினைத்துக்கொள்வதில் பாதி வீண் பிடிவாதம்தான் போலிருக்கிறது!

பொங்கலன்று படையல் முடிந்ததும், கிழங்குக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஏகாம்பரம் தூக்கைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அடுத்த வருசம் அந்தக் கெணத்தோரக் கொடியையும் தெருவுக்கே வுட்டுடுங்க சார்!"