நாய் குந்திய பாசல்

பொலிஸ் நாய் அந்தப் பையை ஒருக்கா மூக்கை வைத்து மணந்து பார்த்தது. பிறகு அதற்கு முன்னால் குந்திவிட்டது. குரைக்கவில்லை, பிறாண்டவில்லை. வகுப்பில் நாங்கள் ஒருநாளும் இருக்காத ஒழுங்கில் அசையாமல் இருந்தது. பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கண்டக்டர் வேலை டிக்கெட் கிழிக்கிற வேலை என்று நினைப்பீர்கள். அது பாதிதான். முல்லைத்தீவில் ஒருவர் தரும் பாசலை வவுனியாவில் இன்னொருவர் கையில் கொடுப்பதும், உள்ளே என்ன என்று கேளாமல் இருப்பதும்தான் மற்றப் பாதி. மூட்டைக்கு மேல் காலை வைத்துக்கொண்டு எங்கள் பஸ்ஸில் போய்வரும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கருவாட்டுத் தண்ணி உங்கள் செருப்பிலும் பட்டிருக்கும்.

நீல நூல்

ஓமந்தைக்கு இங்கால பொலிஸ் மறித்த இடம் அது. எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது ஓர் உரப்பை. வாய் நீல வலைநூலால் கட்டியிருந்தது. வழமையாகப் பாசல் போடுகிறவர்கள் பெயரோ போன் நம்பரோ எழுதமாட்டார்கள். முடிச்சுத்தான் விலாசம். அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். தண்ணீரூற்றில் வாராவாரம் ஏற்றிவிடும் ஓர் அக்காவுடையது. கருவாட்டு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரதி சிவம் அண்ணைக்கும் தெரியும். அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் நின்றுகொண்டிருந்தாலும்.

கட்டாக் கருவாட்டுக்கு நடுவில் இருந்து உள்ளங்கை அளவில் ஒரு பொலித்தீன் பொட்டலம் வந்தது. கஞ்சா. "வாராவாரம் வாற கருவாடுதான் சேர்" என்றேன். இங்கே வேலைக்கு வந்து தமிழ் பழகிய சிங்கள அதிகாரி அவர். கோபப்படக்கூட இல்லை.

"தம்பி, கருவாட்டுக்கு இந்த நாய் குந்தாது. அதுக்கு மீன் பிடிக்காது."

வாங்கில் இருந்த மத்தியானம்

பொலிஸில் என்னை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள், அடிக்கவில்லை. தேத்தண்ணி தந்தார்கள். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள்: பை யார் தந்தது? "கனக்கப் பாசல் சேர், ஞாபகமில்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அக்கா எனக்குச் சொந்தமில்லை. அவவோடு "ஏத்துங்கோ", "சரி" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் கதைத்ததும் இல்லை.

பேரைச் சொன்னால் நான் சாட்சி, சொல்லாவிட்டால் கூண்டில் ஏறுகிற எதிரி நான்தான் என்று தெளிவாகவே சொன்னார்கள். வழக்கு என் பேரில் விழுந்தால் பொலிஸ் றிப்போட் சுத்தமாக வராது. றிப்போட் இல்லாவிட்டால் கட்டார் இல்லை. ஏ.எல். படிக்காமல் விட்டு இந்தப் புட்போர்ட்டில் நான் தொங்குவதே கட்டாருக்குப் போகத்தான். பிணைக்குக் கையெழுத்து வைக்க வந்த பஸ் முதலாளி வாசலில் செருப்பைக் கழற்றாமலே கத்தினார்.

"ஆரோ தந்ததுக்கு நீ ஏன்ரா குந்தியிருக்கிறாய்? பேரைச் சொல்லிப்போட்டு வா, பின்னேரம் பஸ்ஸுக்கு ஆளில்லை!"

பின்சீற்றுப் பாராளுமன்றம்

பிணையில் வந்த அடுத்த நாள் பஸ்ஸில் வேறு கதை இல்லை. ஒட்டுசுட்டான் தாண்டியதும் ஒரு நாட்டு வைத்தியர் தொடங்கினார். "அது மூலிகை. லேகியத்துக்குப் போடுறது. நான் போடுறதெண்டா அனுமதிக் கடிதத்துக்கு அலையோணும்." முன்சீற்றில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "விட்டுப் பாருங்கோ. பள்ளிக்கூடத்தில கதிரைதான் மிஞ்சும்." இரண்டு பேரும் சொன்னது சரி போலத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

வெளிநாட்டுக்கு அனுப்ப இங்கே கம்பனிகளை வேலி போட்டு வளர்க்க விடப்போகிறார்களாம் என்று ஒருவர் போனைப் பார்த்துச் சொன்னார். அப்ப உள்ளங்கையளவு வைத்திருந்தவனுக்குக் கோர்ட், ஏக்கர் கணக்கில் வளர்க்கிறவனுக்குக் கடிதமோ என்று நான் கேட்டேன். இறங்கித் துணுக்காய்க்குப் போக இருந்த கமக்காரர் ஒருவர், மலையகத்தில் இருந்து வந்த குடும்பம், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"தேயிலையும் இப்படித்தான் தம்பி. நட்டது எங்க ஆளுங்க, நல்ல தூளக் குடிச்சது வேற ஆளுங்க."

நிரோசனின் அப்பா

நிரோசனும் நானும் ஓ.எல். வரைக்கும் ஒரே மேசை. பதினாறு வயதில் கஞ்சா தொடங்கினான். பிறகு வேறு சாமான்களும் சேர்ந்தன. எது முதலில் அவனைக் கெடுத்தது என்று டொக்டரே உறுதியாகச் சொல்லவில்லை, நான் சொல்ல முடியாது. இப்போது மேலே சுற்றுகிற ஃபானுக்குள் இருந்து ஆரோ கூப்பிடுகிறார்கள் என்கிறான். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்காக அப்பா அவனை எங்கள் பஸ்ஸில் கூட்டிப்போவார். ஜன்னல் பக்கம் இருத்தி அவன் சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு இருப்பார். இந்த முறை அவர்கள் வந்தபோது "நிரோ" என்று கூப்பிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். ஆரையோ பார்க்கிற பார்வை.

அப்பா என் கையைப் பிடித்தார். அந்தப் பை யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று ஊரில் கதைக்கிறார்களாம், உண்மையோ என்றார். நான் மிச்சக் காசு எண்ணுவது போல நின்றேன். அவர் கையை விடவில்லை. அன்றைக்கு நான் முடிவெடுத்தேன், கோர்ட்டில் பேரைச் சொல்வதென்று.

"பின்சீற்றில சட்டம் கதைக்கிற ஆக்களை ஒரு கிழமை என்ர வீட்டில வந்து நிக்கச் சொல்லு தம்பி."

வவுனியாவில் வாங்குகிறவர்

அந்தப் பையை வவுனியாவில் வாங்குவது அக்காவின் தம்பி. சண்டைக் காலத்தில் முள்ளந்தண்டில் செல் வெடித்துச் சிதறிய துண்டு பட்டவர். இடுப்புக்குக் கீழே இயங்காது. சில்லுக் கதிரையில் பஸ் நிலையத்துக்கு வருவார். அந்த வாரமும் வந்து நின்றார், பை வராது என்று தெரிந்தும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணை, நீங்கள் பத்திப்போட்டு மிதக்கிறதுக்கு நான் மறியல் கம்பிக்குள்ள போறதோ?" என்று சனத்துக்கு நடுவிலேயே கேட்டேன்.

அவர் மடியில் கிடந்த துவாயை எடுத்தார். இரண்டு கால்களையும் சாரத்துண்டால் கதிரையோடு கட்டியிருந்தார். கட்டோடு சேர்த்து அவை தம் பாட்டில் உதறின, வலைக்குள் மீன் மாதிரி. இரவு முழுக்க இப்படித்தானாம். குளிசை தருகிறார்களாம், குடித்தால் நாள் முழுக்க நாக்குத் தடிக்குமாம். அக்காவிடம் கேட்டது தான்தானாம், அவ முதல் மாட்டேன் என்றவவாம். கஞ்சா உண்மையில் அந்தக் காலை நிறுத்துமோ, நிறுத்துவதாக அவருக்குத் தோன்றுமோ, எனக்குத் தெரியாது. கால் உதறியது தெரியும்.

"மிதக்கிறதுக்கில்லை தம்பி. படுக்கிறதுக்கு."

பேர் கூப்பிட்ட நாள்

கோர்ட் வளவில் சைக்கிள் விடுகிற இடத்தில் அக்கா நின்றா. கையில் கருவாட்டு மணம் போகவில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறா. முதலாளி பிடித்துத் தந்த சட்டத்தரணி என்னிடம், "பேரைச் சொல்லு, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் போகும்வரை நின்றுவிட்டு அக்கா கிட்ட வந்தா. "என்ர பேரைச் சொல்லுங்கோ தம்பி. கேட்டா நான் ஓம் எண்டு சொல்லுவன். நீங்கள் வாழவேண்டிய பிள்ளை." தம்பியை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவ கையைச் சீலையில் துடைத்தா.

கூண்டில் ஏறினேன். ஒரு பக்கம் நிரோசனின் அப்பாவின் கை, மற்றப் பக்கம் கட்டிவைத்த இரண்டு கால். சட்டம் எந்தப் பக்கம் இருந்தால் இந்த இரண்டுக்கும் நியாயமாக இருக்கும் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரிந்ததாக எனக்குத் தெரியவில்லை. குற்றச்சாட்டை வாசித்ததும், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயோ என்று நீதவான் கேட்டார். "குற்றவாளி" என்றேன். தண்டம் விதித்தார்கள். கைரேகை எடுத்தார்கள். வழக்குள்ளவனைப் பஸ்ஸில் வைத்திருக்க ஏலாது என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார், சொன்னதில் பிழையும் இல்லை. வெளியே வந்தபோது அக்கா அதே இடத்தில் நின்றா. நன்றி சொல்லவில்லை, கோபமாகத்தான் கேட்டா.

"உங்களை ஆர் இதைச் செய்யச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை, பேரைச் சொல்லு என்றுதான் பொலிஸ், முதலாளி, சட்டத்தரணி, கடைசியில் பேருக்கு உரியவவே எனக்குச் சொன்னது, நான்தான் அந்தப் பேரைச் சொல்லவில்லை.