மேற்கோள்கள் மாவடிப்பள்ளியில் இருந்தன

சுனாமியில் கடல் வந்து போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எதையும் முழுதாக ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. சட்டம் போட்டவன் நான்தான். அன்று காலை நாங்கள் நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், தப்பினோம். பக்கத்து வீட்டாரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்குப் போனாலும் மனைவியும் மகனும் ஒரு பஸ், மகளும் நானும் அடுத்த பஸ். காணி உறுதிப் பத்திரம் சாய்ந்தமருதில், எங்கள் வீட்டில்; அதன் பிரதி கடலுக்குத் தள்ளியிருக்கும் மாவடிப்பள்ளியில், என் தங்கச்சி வீட்டு அரிசி வாளிக்குள். புதுச் சோடிச் செருப்பில் ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தபோதுதான் தங்கச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

யுத்தம் முடிந்த வருடம் மகள் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு ஆய்வுக்கட்டுரை எழுதினாள். கடலோரத்திலிருந்து உள்ளே குடியேற்றப்பட்டவர்களைப் பற்றியது. எங்கள் பழைய கணினி பெரிய மென்பொருள் எதையும் தாங்காது. அதனால் விரிவுரையாளர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். கட்டுரையை வெறும் எழுத்தாக அடிக்க வேண்டும். மேற்கோள் வரும் இடத்தில் ஒரு சின்ன அடையாளம் போட்டால் போதும். ஆசிரியர், நூல், ஆண்டு விபரங்கள் வேறொரு கோப்பில் இருக்கும். கடைசியில் ஒரு மென்பொருள் இரண்டையும் சேர்த்து வேர்ட் கோப்பாக்கித் தரும்.

இரண்டு கோப்பு என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நூல் விபரங்களை அவள் முடித்த அன்றே பென்டிரைவில் எடுத்து, வீட்டுக் கணினியில் இருந்ததை அழித்து, தங்கச்சி வீட்டு அரிசிக்குள் புதைத்துவிட்டு வந்தேன்.

ஒப்படைக்கும் நாள் வந்தது. நான்கு மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகம் மூடிவிடும். தவறினால் அடுத்த வருடம்தான். கல்முனையில் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி நடத்தும், போனும் கணினியும் வைத்த கொமியூனிகேஷன் கடையில் அந்த மென்பொருள் இருந்தது. மகள் கட்டுரையோடு வந்தாள், நான் மாவடிப்பள்ளியிலிருந்து நேரே வந்தேன். கடைக்கார மச்சான் என் பென்டிரைவை வாங்கி ஊதினான். ஒரு அரிசி விழுந்தது.

"ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல போட்டாத்தான் மச்சான் இது சேரும்."

"முதல்ல கட்டுரைய மட்டும் மாத்து. மற்றது என்ட கையில இரிக்கட்டும்" என்று பென்டிரைவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மச்சான் மாற்றினான். அறிஞர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் தடித்த கேள்விக்குறிகள். அவன் சத்தமாக வாசித்தான்.

"'இடம்பெயர்ந்தோரின் அச்சம் காலத்தோடு குறையும்', கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. இது உன்னப் பாத்துத்தான் கேக்குது மச்சான்."

"வாப்பா, ஒரு நிமிஷந்தான் ரெண்டும் ஒண்டா இரிக்கும்" என்றாள் மகள்.

"அந்த ஒரு நிமிஷத்துலதான் எல்லாம் நடக்குற."

"அப்ப நான் அடுத்த வருஷமும் எழுதுறன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. கொடுக்கச் சம்மதித்தேன். ஆனால் கட்டுரையும் மேற்கோளும் மகளும் ஒரே கடைக்குள் நிற்க முடியாது. "நீ றோட்டுக்கு அங்கால போய் நில்லு மகள்" என்றேன். போனாள். பஸ் தரிப்பிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாசலில் நின்று, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையைக் காவல் காத்தேன்.

"வந்திட்டா?" என்று உள்ளே கேட்டேன்.

"எது? கடலா, கட்டுரையா?"

கட்டுரைதான் வந்தது. கேள்விக்குறிகள் போய் ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் அதைப் பென்டிரைவில் போட்டுத் தந்தான். நான் சேர்ட் பொக்கட்டில் வைத்தேன்.

வெளியே ஒரே ஒரு ஓட்டோதான் நின்றது. மகள் ஏறிவிட்டாள்.

"நீ போ, நான் அடுத்ததுல வாறன்."

"கட்டுரை உங்கட பொக்கட்டுக்குள்ள இரிக்கி வாப்பா. நான் மட்டும் போய் என்ன செய்யிற?"

அவள் நகர்ந்து இடம் விட்டாள். நான் ஏறினேன். காரைதீவு தாண்டும்வரை கடல் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை; வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகக் கதவை இழுத்து மூடும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எழுதுவினைஞர் கோப்பைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டு, "சரி, கிடைச்சிட்டு" என்றார்.

"இதுட கொப்பி வேற எங்க வைப்பீங்க சேர்?"

"எல்லாருடையதும் இதுக்குள்ளதான்."

நான் வாயைத் திறக்குமுன் மகள் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.