இரும்புக் கொடுக்கில் ஒரு குழந்தை வண்டி

டென்மார்க்கில் எங்கள் நகரம் குளிர்காலம் முழுக்கத் தன் குப்பையில்தான் குளிர்காய்கிறது. குப்பை எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, அது தெருவுக்கடியில் ஓடி வீட்டுக்கு வீடு ரேடியேட்டரைச் சுடவைக்கிறது. அந்த உலைக்கு இருபத்திரண்டு வருடமாகத் தீனி போட்டவன் ப்ரேபன். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, குழியில் கிடக்கும் குப்பையைக் கிரேனின் இரும்புக் கொடுக்கால் அள்ளி உலைவாயில் போடுவான். வாயைத் திறந்தால் கேலிதான், ஆனால் வேலையில் சிந்தாமல் சிதறாமல் அள்ளுவான். நான் கட்டுப்பாட்டு அறையில் தீயைப் பார்த்துக்கொள்பவள்.

"என் புள்ளைக்கு இன்னும் ரெண்டு வாய் ஊட்டு" என்று உலைக்காக ஒலிபெருக்கியில் கேட்பேன்.

"ஊட்டி ஊட்டி என் கைதான் ஓஞ்சுது. உன் புள்ளைக்கு வயிறா, கிணறா?" என்பான்.

அந்த ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. இரண்டு உலைகளில் ஒன்று பழுது. மத்தியானம் ஒரு மணிக்கு அவன் குரல் வந்தது. அதில் கேலி இல்லை.

"இங்கெர், நான் நிறுத்திட்டேன். கொடுக்குல ஒரு குழந்தை வண்டி மாட்டியிருக்கு."

"யாராவது பழசைப் போட்டிருப்பாங்க."

"உள்ள மெத்தை இருக்கு. ஜிப் மேல வரைக்கும் இழுத்து மூடியிருக்கு."

எங்கள் பிள்ளைகள் பகலில் தூங்குவது வெளியில்தான், பனி கொட்டினாலும் வாசலில் வண்டியில். மூடி இழுத்து மூடியிருந்தால் உள்ளே பிள்ளை தூங்குகிறது என்று அர்த்தம். யாரும் திறந்து பார்க்க மாட்டோம், அந்த இடத்தைப் பூனை மாதிரிக் கடந்து போவோம்.

திரையில் பார்த்தேன். வண்டி தலைகீழாகத் தொங்கியது. கொடுக்கின் பற்கள் மூடியில் இறங்கியிருந்தன. கொடுக்கைத் திறந்தால் வண்டி பத்து மீட்டர் கீழே விழும். உலைத் தொண்டையில் இருபத்தைந்து நிமிடத்துக்கான குப்பைதான் மிச்சம். அது தீர்ந்தால் தீ அந்த வழியே மேலே ஏறும், உலையை அணைக்க வேண்டிவரும், மருத்துவமனை உள்பட ஊரே குளிர ஆரம்பிக்கும். எனக்கு ஊரைப் பற்றி நினைவே இல்லை.

கடைசியாகக் கொட்டிய லாரி இன்னும் குப்பை கொட்டும் கூடத்திலேயே நின்றது. ஓட்டுநர் எப்பெ முப்பது வருட அனுபவசாலி. போனில் கேட்டேன்.

"ஆமா, ஒரு வீட்டு வாசல்ல சோபா, மெத்தை, பக்கத்துல அந்த வண்டி. குப்பைன்னு சீட்டு ஒட்டியிருந்துது."

"சீட்டு வண்டியிலயா, சோபாவுலயா?"



"சோபாவுல."

"உள்ள பாத்தீங்களா?"

"பாத்தேன்." பிறகு, "பாத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

ப்ரேபன் வண்டியைக் கூடத்துத் தரைக்குக் கொண்டுவர ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். ஒலிபெருக்கி திறந்தே இருந்தது, அவன் மூச்சு மட்டும் கேட்டது. தரையைத் தொட்டதும், "நீ போய்ப் பாரு. எனக்குக் கால் வரல" என்றான். ஓடினேன். எப்பெ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஜிப் பாதியில் சிக்கியது, இழுத்துத் திறந்தேன்.

உள்ளே முயல் படம் போட்ட மெத்தை. பூட்டிய இடுப்புவார். ஒரு சின்னக் காலுறை. வேறு எதுவும் இல்லை.

போலீஸ் அந்த வாசலுக்குப் போய்க் கேட்டது. பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டதாம், வண்டி வேண்டாமென்று அவர்களேதான் வைத்தார்களாம். அதற்குள் நான் மேலே ப்ரேபனிடம் சொல்லிவிட்டேன்: "காலி. போடு." நான்கு நிமிடத்துக்கான குப்பை மிச்சமிருந்தபோது அவன் மறுபடி அள்ளினான். என் பிள்ளை என்று உலையை அன்றிலிருந்து நான் சொல்வதில்லை.

மறுநாள் ப்ரேபன் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. கேக் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தான். அவன் பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

"ஊருக்கெல்லாம் சூடு கொடுத்தவன் வீட்டுல இது என்ன கூத்து?" என்று ரேடியேட்டரைத் திருகப் போனேன்.

"தொடாத."

கையை எடுத்தேன்.

"அன்னிக்குக் கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துது, அதான் பாத்தேன். நீட்டலன்னா போட்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷம், இங்கெர். எதை எதைப் போட்டேனோ."

"அப்படி எதுவும் இருந்திருக்காது. இருந்திருந்தா யாராவது தேடி வந்திருப்பாங்க."

"குளிருக்கு வீடில்லாதவன் அட்டைப்பெட்டி போடுற குப்பைத்தொட்டிக்குள்ள படுத்துக்கிறானே, அவனைத் தேட யாரு வருவா?"

கேக்கை வெட்டாமலே வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் உறைந்த கைகளை ரேடியேட்டர் மேல் வைத்தேன். இதமாகச் சுட்டது. கைகளை எடுத்துக்கொண்டேன்.