மேகத்தை நம்பாத ஆரணிக்காரர்

முருகேசன் போய்விட்டார் என்று ஆரணியிலிருந்து அவர் மனைவி சுமதி போன் செய்தபோது, நான் மணாலிக்கு மேலே ஒரு சரிவில் பனியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தூக்கத்துலயே போயிட்டாருங்கண்ணா. கஷ்டப்படல" என்றார். அழுதேன். பிறகு, அவ்வளவு சுலபமாகப் போனாரே என்று மனம் ஆறியது.

அவரோடு பனிச்சறுக்குக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களிடம், ஆரணிப் பட்டுக் கடைக்காரர் மகன் இமயமலையில் பனிச்சரிவைக் கணித்தார் என்றால் சிரிப்பார்கள். நான் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டுக்காரன். இருவரும் சேர்ந்துதான் இந்த வழிகாட்டித் தொழிலைத் தொடங்கினோம்.

எங்கள் முதல் வசந்தத்தில், முதல் குழுவாகச் சென்னை நண்பர்கள் சிலர் வந்தார்கள். சாயங்காலம் வானம் மூடிக்கொண்டது. முருகேசன் கையைத் தேய்த்துக்கொண்டு, "மப்பு போட்டுகினு கீது, நாளைக்கு ஜம்முனு போலாம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மேகம் என்றாலே எங்களுக்கு நல்ல செய்தி.

மலையில் அது தலைகீழ். வசந்தத்தில் இரவு வானம் தெளிவாக இருந்தால்தான் பகலில் நெகிழ்ந்த பனி மறுபடி உறைந்து இறுகும். மேகம் போர்வை போல மூடினால் பனி ஈரமாகவே கிடக்கும். எப்போது வேண்டுமானாலும் சரியும். விடிந்ததும் வெளியே கால் வைத்த முருகேசன் முழங்கால்வரை புதைந்தார்.

"நேத்து நம்மூர் கண்ணால பாத்துட்டேங்க. தப்பு என்னுதுதான். இன்னிக்கு யாரும் மேல போவக் கூடாது."

குழுத் தலைவர் கொதித்தார். "இவ்ளோ தூரம் வந்துட்டு ரூம்லயா உக்கார்றது? நீங்க வரலன்னா நாங்களே போறோம்."

முருகேசன் எல்லாருடைய சறுக்குப் பலகைகளையும் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே படுத்துக்கொண்டார். "ஜல்தியா திட்டி முடிங்க, டீ ஆறிடும்."

அன்று எந்தச் சரிவும் சரியவில்லை. அதுதான் கொடுமை. எங்களைக் கோழைகள் என்று சொல்லிவிட்டுக் குழு கிளம்பியது. தொழிலே முடிந்தது என்று நான் புலம்பினேன். அவர் திருப்தியாக இருந்தார். "எல்லாரும் முழுசா வீட்டுக்குப் போறாங்க பாரு. வேற இன்னா வேணும்?"

கருமாதிக்கு ஆரணி போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் அந்தக் குழுத் தலைவர், மடியில் பேத்தியோடு. மறு வருடமே திரும்பி வந்தவர், அப்புறம் ஒரு வசந்தத்தையும் விட்டதில்லை. "இப்பவும் அந்தாளு மேல கோவம்தான் சார் எனக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மலைக்குத் திரும்பியதும், போன வாரம் ஒரு குழுவை நான் தனியாகத் தடுத்தேன். நன்றாகத் திட்டினார்கள். இத்தனை வருடமும் அந்தத் திட்டு அவருக்குத்தான் போகும். இப்போது நின்று வாங்கிக்கொண்டேன். முருகேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தடித்த தோல்தான். அளவு சரியாகவே இருக்கிறது.