நாற்பத்தைந்து நாள் வேலைக்கு நான்காவது இன்டர்வியூ

அன்று அந்த மாடி அறையில் ஐந்து பேர் இருந்தோம். பட்டுக்கடை முதலாளி, சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய மாப்பிள்ளை, கடையின் கணக்குப்பிள்ளை, கம்ப்யூட்டர் பொருத்த வந்த இன்ஜினியர், ஐந்தாவதாக நான். அப்பா அங்கே இல்லை. அவர் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்து, நான் எப்போது வருவேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஊரிலேயே இல்லை. அக்காவின் பிரசவத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தார். அம்மா மட்டும் வீட்டில் இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே எனக்கு வந்திருக்காது.

இது நடந்தது 2001ஆம் வருடம், ஆடி மாதம் முடியும் தறுவாயில், காஞ்சிபுரத்தில். ஊரில் ஒவ்வொரு பட்டுக்கடையாகக் கம்ப்யூட்டர் நுழைந்துகொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, வேலை கிடைக்காமல் அப்பாவின் தறியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தக் கடையில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் கடையில் இருக்கும் புடவைகளையும் ஆர்டர்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். நாற்பத்தைந்து நாள் வேலை. அதற்குமேல் ஆள் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. படித்ததற்கு ஒரு வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே.

முதல் இன்டர்வியூ கணக்குப்பிள்ளை செய்தார். மார்க் ஷீட்டைப் பார்த்தார், டைப் அடிக்கச் சொன்னார், திருப்தி என்றார். "ஆனா மொதலாளி ஒரு வார்த்த பாக்கணும். நாளன்னிக்கி வாப்பா" என்றார்.

இரண்டாவது, முதலாளி. எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். தறி என்றேன். தலையாட்டிவிட்டு, மாப்பிள்ளையும் பார்த்துவிட்டால் நல்லது என்றார்.

மூன்றாவது, மாப்பிள்ளை. காலையில் வரச்சொன்னவர் மத்தியானம்தான் வந்தார். இன்னும் ஐந்து வருடத்தில் நான் எங்கே இருப்பேன் என்று கேட்டார். "வேலையே தீபாவளிக்கு முன்னாடி முடிஞ்சிடுதே சார்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினியர் வந்து ஒருமுறை பார்க்கட்டும் என்று எழுந்துவிட்டார்.

நான் இப்படிப் போய்வந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுத் தறி நின்றுபோய்க் கிடந்தது.

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். உடம்பு ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று வரும் புடவையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெசவாளி நடுவில் இருப்பார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஒரு பக்கத்துக் கரைக்கான நூல் சுற்றிய நாடாவை ஒவ்வொரு இழைக்கும் தள்ளிக் கொடுக்கவேண்டும். கோர்வை என்போம். அம்மா இல்லாததால் அந்தப் புடவைக்கு ஆரம்பத்திலிருந்து நான்தான் கோர்வைக்கு உட்கார்ந்திருந்தேன். பாதியில் ஆளை மாற்ற முடியாது. ஒவ்வொருவர் கையிலும் நூலின் இழுப்பு வேறாக இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் தானே வந்து உட்காருவதாகச் சொன்னபோதும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கை மாறினா கரை காட்டிக் குடுத்துடும்பா" என்று அனுப்பிவிட்டார்.

அது ஒரு கூறைப்புடவை. அரக்கு உடம்பு, பச்சைக் கரை. கரையில் மயில் வரவேண்டும், அதுவும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற மயிலாக வரவேண்டும் என்று பெண் வீட்டார் தனியாகக் கேட்டுச் செய்யச் சொன்னது. எங்களுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலும் ஜரிகையும் தந்து நெய்யவைக்கும் ஏஜென்ட் வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆவணி பிறக்கிற அன்று காலையில் புடவை கையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அடுத்த பாவு வேறு தறிக்குப் போய்விடும். கல்யாண சீசனில் தறி காலியாகக் கிடந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது இன்டர்வியூ முடிந்து வந்தபோது அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு பாக்கக்கூட ஒரு தடவதான்டா போவாங்க. காலம்பூரா கூட வாழப்போறவளுக்கே ஒரு தட்டு பஜ்ஜியோட முடிஞ்சிடுது. நாப்பத்தஞ்சி நாள் வேலைக்கி உன்ன இத்தினி தடவ பாக்குறாங்களே, பஜ்ஜியாவது போட்டாங்களா?"

"டீ குடுத்தாங்க நைனா."

"அதுவாவது குடுத்தாங்களே" என்றார். சிரிக்கவில்லை.

நான்காவது தடவைக்குக் கூப்பிட்ட அன்று ஆவணி பிறக்க ஒரே ஒரு நாள்தான் நடுவில் இருந்தது. புடவையில் முந்தி பாதிதான் ஆகியிருந்தது. போகவேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். "சீக்கிரம் வந்துடு" என்று மட்டும் சொன்னார். நான் சைக்கிளை எடுத்தபோது, ஒற்றை ஆளாகத் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகை இன்றும் நான் மறக்கவில்லை.

கடையில் இன்ஜினியர் மெஷினைத் திறந்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சுவரில் பெரிய கடிகாரம். அதைப் பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்தேன். தரையைப் பார்த்தால் காதில் அதன் சத்தம் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று பலமுறை நினைத்தேன். மூன்று தடவை வந்தாகிவிட்டது, இப்போது போனால் அந்த மூன்றும் வீண் என்று மறுபடியும் உட்கார்ந்தேன். ஆளைத் திரும்பத் திரும்ப வரவழைப்பதில் இருக்கும் கண்ணியே இதுதான் என்று பின்னால்தான் புரிந்தது.

ஒரு வழியாக உள்ளே கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பத்துப் புடவை விவரங்களைக் கொடுத்து அடிக்கச் சொன்னார் இன்ஜினியர். மற்ற மூவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாலாவது புடவையில் இருந்தபோது போன் அடித்தது. முதலாளி எடுத்தார்.

"என்னய்யா, அந்த அரக்குப் பொடவ என்ன ஆச்சி? நாளன்னிக்கி காலையில வேலூர்க்காரங்க வந்து நிப்பாங்க. கூறைக்கிப் பில்லு போடாம வேற ஒரு துணியத் தொடமாட்டாங்க. தெரியுமில்ல? ... தறி நிக்குதுன்னா? ஏன் நிக்குது? யாருய்யா உன் நெசவாளி? நானே போயி அந்த மயிலு எங்க இருக்குதுன்னு பாக்கறேன்."

என் விரல்கள் நின்றுவிட்டன.

எந்தக் கடைக்கு நெய்கிறோம் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. எந்தத் தறியில் ஆகிறது என்று கடைக்கும் தெரியாது. நடுவில் இருக்கிற ஏஜென்டுக்கு மட்டும்தான் இரண்டும் தெரியும். நெசவாளி நேராகக் கடையில் போய்ப் பேசினால் அவர் பொறுத்துக்கொள்ளமாட்டார். நான் வாயைத் திறந்தால் பாவு போய்விடலாம். திறக்காமல் உட்கார்ந்திருந்தால் நேரம் போகிறது, அப்போதும் பாவு போய்விடும். எப்படியும் வேலை கிடைக்கப்போவதில்லை என்று தோன்றியது.

"என்னப்பா, ஏன் நிறுத்திட்ட?" என்றார் இன்ஜினியர்.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அந்தப் பொடவ எங்க தறியிலதான் இருக்குது. கோர்வைக்கி நான்தான் ஒக்காரணும். நான் இங்க வந்துக்கினு இருக்கறதாலதான் தறி நிக்குது" என்றேன்.

முதலாளி போனைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"மயிலு எந்தப் பக்கம் பாக்குது?"

"பின்னாடி திரும்பிப் பாக்குதுங்க."

போனை வைத்துவிட்டார். மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "அது வேற, இது வேற மாமா. ரெக்ரூட்மென்ட்டுன்னா ஒரு பிராசஸ் இருக்கு."

"என்ன பிராசஸ்ஸு" என்றார் முதலாளி. "கணக்குப்பிள்ள பாத்தாச்சி, நான் பாத்தாச்சி, நீங்க பாத்தாச்சி, இப்ப இவரும் பாக்குறாரு. இன்னும் ஏகாம்பரநாதர் ஒருத்தர்தான் பாக்கல. நீ கெளம்புப்பா."

கணக்குப்பிள்ளை தன் மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். என் சைக்கிள் கடை வாசலிலேயே கிடந்தது. நேராகத் தறிக்குப் போனேன். நான் உட்கார்ந்தவுடன் நாடா ஓடத் தொடங்கியது. மாலை வெளிச்சம் இருக்கும்வரை நெய்தோம். மறுநாள் முழுவதும் நெய்தோம். சாப்பாட்டைப் பக்கத்து வீட்டு அண்ணி தறி அருகிலேயே கொண்டுவந்து வைத்தார். அவசரத்தில் ஓரிடத்தில் இழை அறுந்தபோது அப்பா நிறுத்தி, நிதானமாக முடிச்சுப் போட்டார். எனக்கு அந்த நிதானத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆவணி பிறந்தது. காலையிலேயே ஏஜென்ட் வந்து வாசலில் நின்றார். கடையில் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. முந்தியில் இன்னும் நாலு விரல் அகலம் பாக்கி. மத்தியானம் தாண்டித்தான் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். ஏஜென்ட் அதை மடித்தும் மடிக்காமலும் வாங்கிக்கொண்டு ஓடினார்.

வேலூர்க்காரர்கள் காலை நல்ல நேரத்தில் கடைக்கு வந்திருக்கிறார்கள். கூறைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நல்ல நேரம் முடியப்போவது தெரிந்ததும் எழுந்து, எதிர்க்கடைக்குப் போய், வேறொரு கூறையை எடுத்திருக்கிறார்கள். கூறை எடுத்த இடத்திலேயே மற்ற எல்லாப் புடவைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அப்பாவும் நானும் எழுந்து நின்றோம். அடுத்த பாவு எங்களுக்கே என்று முதலாளி ஏஜென்டிடம் சொல்லிவிட்டாராம். கூலியில் பிடித்தம் இல்லையாம். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கி வந்துடுப்பா" என்றார்.

"அஞ்சாவதா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லபா, வேலைக்கி" என்றார் அவர். அப்போதுதான் அப்பா சிரித்தார். நல்லவேளையாக அதே வாரம் அம்மாவும் வாலாஜாபாத்திலிருந்து திரும்பிவிட்டார்.

இப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தற்காலிகமாக ஆள் எடுக்கும்போது நானும் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். "நாளைக்கு இன்னொரு தடவை வரச்சொல்லலாம்" என்று யாராவது சொன்னால், கேட்கவேண்டியதை இன்றைக்கே கேட்டுவிடுவோம் சார் என்பேன். எதிரில் உட்கார்ந்திருப்பவன் வீட்டில் எது நின்றுகொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சில நேரம் நின்றுகொண்டிருப்பது நம்முடையதாகவே இருக்கும்.

அந்தக் கடையில் நாற்பத்தைந்து நாளும் வேலை பார்த்தேன். அதற்கு அவர்கள் எனக்குக் கொடுத்த சம்பளம் மூவாயிரம் ரூபாய். முதல் நாள் கணக்குப்பிள்ளை என்னை அடிக்கச் சொன்ன முதல் கணக்கு, ரத்தான வேலூர் கல்யாண ஆர்டர். என்னை நான்காவது தடவை கூப்பிட்டதில் அவர்களுக்கு ஆன செலவை என் விரலாலேயே தட்டினேன், அது இன்னும் விரலில் இருக்கிறது: அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.