எண்ணிக்கொண்டே ஆடுகிற மனுஷன்

மனுஷனுக்குக் காது எதற்கு இருக்கிறது என்று கௌரி தன் புருஷனிடம் கேட்காத நாள் கிடையாது. கேட்பதையும் மரியாதையாகத்தான் கேட்பாள். சேலத்துப் பக்கத்துப் பெண்களுக்கு அது ஒரு வரம். எவ்வளவு கோபம் வந்தாலும் வாயை விட்டு ‘ங்க’ போகாது. “ஏனுங்க, உங்க காது என்ன கண்ணாடி மாட்டறதுக்கு மட்டுந்தானுங்களா?” என்பாள். பழனிசாமி கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார். அதுதான் பதில்.

பழனிசாமிக்குச் சொந்த ஊர் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை. கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவது, பழம் எடை போடுவது, களத்தில் காப்பி ஒழுங்காகக் காய்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கௌரிக்குப் பிறந்த ஊரே கொட்டச்சேடு. ஏற்காடு டவுனில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. ஒரே மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பழனிசாமி நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பேச்சும் கிடையாது. ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘சோத்தப் போடு’ என்ற மூன்றை வைத்துக்கொண்டே பதினாறு வருஷக் குடித்தனத்தை ஓட்டிவிட்டார்.

நடனம் வந்த பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு வந்தது. பேச்சு என்றால் சண்டை. ஆனாலும் பேச்சுதானே.

அது வந்த கதை சின்னது. ஒரு சீசனுக்கு ரிசார்ட்காரர்கள் பெங்களூரிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் என்ற நடன மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் விருந்தாளிகளுக்கு வால்ட்ஸ் சொல்லிக் கொடுப்பார் என்று போர்டு வைத்தார்கள். விருந்தாளிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றார்களே தவிர ஒருத்தரும் எழுந்து வரவில்லை. தளம் காலியாக இருந்தால் மாஸ்டருக்குச் சங்கடம் என்று மேனேஜர் வேலைக்காரர்களைப் பிடித்துத் தள்ளினார். கௌரி வெட்கப்பட்டுக்கொண்டே போய் நின்றாள். பாட்டு தொடங்கி நாலு அடி வைத்ததும் வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. அன்றைக்கு ஆண்களில் ஒரு ஆள் குறைந்தது. பைக்கில் அவளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்த பழனிசாமியை மாஸ்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “ஆகட்டும்” என்றார் பழனிசாமி. அப்படி ஆனதுதான்.

வால்ட்ஸ் கேட்பதற்குச் சுலபம். மூன்று தட்டு. முதல் தட்டில் குதிகாலை ஊன்றி முழங்காலைத் தளர்த்தி அடியெடுக்க வேண்டும், அடுத்த இரண்டில் விரல் நுனிக்கு எழும்ப வேண்டும், எழும்பியபின் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். ஜோடியாகப் பிடித்தபடி, கோயிலை வலம் வருவோமே, அதற்கு நேர் எதிர்த் திசையில் தளத்தைச் சுற்ற வேண்டும். பழனிசாமி இதைக் காப்பிச் செடிக்குக் குழி எடுக்கிற மாதிரி கற்றுக்கொண்டார். இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்தார். சீசன் முடிவதற்குள் அவருடைய காலைப் பார்த்து மாஸ்டரே வாயைப் பிளந்தார்.

ஆனால் அந்த மனுஷன் எண்ணுவார். ஆடத் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை, கௌரியின் காதுக்குப் பக்கத்திலேயே மீசையை வைத்துக்கொண்டு, ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. பாட்டு ஒரு பக்கம் போகும், இவருடைய எண்ணிக்கை ஒரு பக்கம் போகும். இரண்டாவது தட்டை வயலின் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். அந்த இடத்தில் உடம்பும் இழுத்து நிற்காவிட்டால் ஆடி என்ன பிரயோஜனம்? கௌரிக்கு அது சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. பழனிசாமிக்கோ சொன்னாலும் தெரியவில்லை.

“பாட்டு இழுக்குதுங்க. நாமளும் நிக்கோணும்.”

“ரெண்டுன்னா ரெண்டுதான். அதென்ன இழுக்கறது?”

“உங்களுக்குப் பதிலா ஒரு கடியாரத்தக் கட்டியிருக்கலாமுங்க.”

சீசன் முடிந்து மாஸ்டர் பெங்களூர் போய்விட்டார். இவர்கள் விடவில்லை. ரிசார்ட் கூடத்தைக் கேட்கலாம் என்றால், கூட வேலை செய்கிறவர்களின் கேலிக்கு யார் பதில் சொல்வது? எஸ்டேட்டில் காப்பி காய வைக்கிற சிமெண்ட் களம் இருந்தது. மாசிக்கு மேல் அறுவடை முடிந்து சும்மாதான் கிடக்கும். தினம் சாயங்காலம் அங்கேதான் பயிற்சி. காலுக்கடியில் காப்பித் தொலி நொறுங்கும். பைக் சீட்டில் வைத்த ஸ்பீக்கர் பாடும்.

அந்தக் களத்தில் ஒரு விசித்திரம். ஒரு முனையில் இருக்கிற குடோனிலிருந்து மறுமுனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும்போது பழனிசாமி பாட்டுக்கு முந்தி ஓடுவார். தொட்டியிலிருந்து திரும்பி வரும்போது பின்தங்கி இழுபடுவார். தினமும் அதே இடத்தில் அதே சண்டை. “ஓடாதீங்க” என்று ஒரு பக்கம், “வாங்களேனுங்க” என்று மறுபக்கம். இப்படிக் கத்திக் கத்தியே அவரைப் பழக்கினாள். தொட்டிப் பக்கம் போகும்போது அடியை இறுக்கிப் பிடித்தார், திரும்பும்போது அழுத்தித் தள்ளினார். ஒரு வழியாகக் களத்தில் தாளம் சேர்ந்தது.

ஆரம்பத்தில் ஒரு நாள் அவளுக்கே சந்தேகம் வந்து, “இந்தப் பக்கம் வர்றப்ப என்னமோ நம்மளத் தள்ளற மாதிரி இருக்குதுங்க” என்று சொன்னாள். பேசாத மனுஷன் அன்றைக்குப் பார்த்துப் பேசினார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.” சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு செத்தாலும் அவள் தரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன வருஷம் கோயம்புத்தூரில் ஒரு போட்டிக்குப் போனார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பிரிவு. முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள். நடுவர்களில் ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, “சார், கால் அழகா இருக்கு. ஆனா தாளம் சேரலையே?” என்றார். அதைக் கேட்டதும் கௌரிக்கு உச்சி வெந்தது. ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அதைத்தானே சொல்கிறாள்!

இந்த வருஷம் பெங்களூர்ப் போட்டிக்குப் பேர் கொடுத்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சொல்லிவிட்டாள். “ஏனுங்க, கேட்டுக்குங்க. இந்தத் தடவையும் முதல் சுத்துல திரும்பி வந்தமுன்னா அத்தோட சரி. நான் ஆட மாட்டேன். எனக்குச் சண்டை போட்டுச் சலிச்சுப் போச்சு.” பழனிசாமி ராகிக் களியை உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். எழுந்து கை கழுவப் போனார். அவ்வளவுதான்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் ‘சரி’ என்று சொல்லிவிட்டால்? அவர் சொல்லக்கூடியவர். மூன்றில் அதுவும் ஒன்றாயிற்றே. நடனம் போய்விட்டால் அந்த வீட்டில் பேச என்ன இருக்கிறது? மறுபடி சோத்தப் போடு, ஆகட்டும், சரி. அதை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க ரோஷம் விடவில்லை.

பெங்களூர் அரங்கத்தின் மரத்தரை எண்ணெய் தடவினதுபோல் மின்னியது. கௌரி சேலத்தில் தைத்த நீல கவுன் போட்டிருந்தாள். பழனிசாமி கோட்டுக்குள் புதுமாப்பிள்ளைபோல விறைத்து நின்றார். பாட்டு தொடங்கியது, எண்ணிக்கையும் தொடங்கியது. முதல் நீளப் பக்கத்திலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. களத்தில் ஓடுகிற மனுஷன் இங்கே இழுபடுகிறார்! எதிர்ப் பக்கம் திரும்பினால், களத்தில் இழுபடுகிற மனுஷன் இங்கே அவளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்! எல்லாம் தலைகீழ். முன்னால் போன ஜோடியை முட்டாமல் தப்பியதே பெரிது. அடுத்த சுற்றுக்குப் பேர் படித்தபோது அவர்கள் பேர் இல்லை.

முதல் சுற்றில் தேறாதவர்களுக்கு மத்தியானம் ஒரு மறு வாய்ப்பு உண்டு. அதுவரை கௌரி வராந்தாவில் நின்று பொரிந்து தள்ளினாள். “வேணும்னே பண்ணறீங்களா? ஓடற எடத்துல இழுக்கறீங்க, இழுக்கற எடத்துல ஓடறீங்க. ஒரு வருசம் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனதுக்கு இதுதானுங்களா?” என்று கையை வீசியதில், மூடாத தண்ணீர்ப் பாட்டில் தட்டித் தரையில் கொட்டியது.

கவுனைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். தண்ணீர் ஓடிப்போகட்டும் என்று பார்த்தாள். ஓடவில்லை. கொட்டின இடத்திலேயே வட்டமாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று என்னமோ பிடிபட்டது.

“ஏனுங்க, நம்ம களத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?”

எஸ்டேட் விஷயம் என்றால் பழனிசாமிக்கு நாக்கு உண்டு. “ஈசானி மூலைக்கு. தொட்டிப் பக்கமா நல்லா வாட்டம் குடுத்துத்தான் போட்டிருக்குது. மழத்தண்ணி நின்னா காப்பி பூசணம் புடிச்சுப்போகுமில்ல? மேஸ்திரி சமமா போடப் பாத்தான், நாந்தான் கூடவே நின்னு…”

அதோடு நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேட்டி இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கௌரிக்குச் சிரிப்பதா அவரைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. ஒரு வருஷம்! சரிவில் இறங்கும்போது ஓடாமல் எந்தக் கால் நிற்கும்? ஏறும்போது இழுபடாமல் எது வரும்? அதற்கு ஏற்ற மாதிரி அவரைக் கத்திக் கத்திப் பழக்கியவளும் அவள்தான். அந்தச் சரிவைப் பக்கத்தில் நின்று போடவைத்தவர், அதில் தினமும் ஆடினவர், ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சொன்னீங்களேனுங்க! கோணல்தானுங்களே! நெசமாவே கோணல்தானுங்களே!”

“சரி” என்றார் பழனிசாமி, மெதுவாக.

“இப்ப நீங்க எண்ணக் கூடாது. எண்ணுனா உங்க காலு களத்துக்குப் போயிரும். பாட்டு மட்டும் கேளுங்க. எனக்காக ஒரே ஒரு தடவ கேளுங்க.”

மறு வாய்ப்பில் தொடக்கத்திலேயே மீசை அசைந்தது. அவர் தோளை நறுக்கென்று கிள்ளினாள். மீசை நின்றது. முதல் பக்கம் தட்டுத்தடுமாறிப் போயிற்று. மூலையில் திரும்பும்போது வயலின் அந்த இரண்டாவது தட்டை இழுத்தது. பழனிசாமி நின்றார். விரல் நுனியில் எழும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாட்டு விடுகிறவரை நின்றார். கௌரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் இவ்வளவு சின்ன இடத்தில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பதற்றத்தில் தன் உதடு ஒண்ணு ரெண்டு மூணு என்று முணுமுணுப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“எண்ணாத, கவுரி” என்றார் பழனிசாமி.

கடைசிப் பக்கத்தில் பழைய பழக்கம் தலைதூக்கியது. அவர் தள்ள, அவள் தடுமாற, பக்கத்து ஜோடியின் முழங்கை அவள் விலாவில் இடித்தது. இரண்டாம் முறை படித்த பேர்களிலும் அவர்கள் பேர் இல்லை.

மறுநாள் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினார்கள். கௌரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தோற்றால் ஆட மாட்டேன் என்று சொன்ன சொல் குத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் சாய்ந்தது, இவள் அவர் மேல் சாய்ந்தாள், மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். போயிற்று, இனி இந்த மனுஷன் பேசப்போவதில்லை என்று நினைத்தாள்.

பாதி மலை ஏறின பிறகு பழனிசாமி தொண்டையைச் செருமினார்.

“உங்க மேனேஜரைக் கேட்டுப் பாரு. ரிசார்ட்டுக் கூடம் வார நாள்ல சும்மாதான கெடக்குது. தரை சமமா இருக்கும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “எதுக்குங்க?”

“கார்த்திகையில மைசூருல ஒண்ணு இருக்குதாம். மாஸ்டரு சொன்னாரு.”

“நாந்தான் தோத்துட்டா ஆட மாட்டேன்னு சொன்னனுங்களே!”

“எப்பச் சொன்ன?” பழனிசாமி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குக் கேக்கல. எண்ணிட்டு இருந்திருப்பேன்.”

கௌரி வாயைத் திறந்தாள். களியும் கீரைக் குழம்பும் தின்றுகொண்டிருந்தபோது இந்த மனுஷன் என்னத்தை எண்ணினார் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தபோது அவர் தோளில் சாய்ந்தவள், வளைவு முடிந்த பிறகும் நிமிரவில்லை.